முப்பத்தோராவது குறிப்புக்கு மறுப்பு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். என் ஃபைல் சிஸ்டமும் சௌக்கியம். இதுவரை ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவனுடைய மூன்று வருட உழைப்பில் ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று குறை கண்டுபிடிக்கத் தெம்பு உள்ளவருக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்க வாய்ப்பில்லை. அந்தத் தெம்பு நீடிக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம்.

இதைக் குழு மெயிலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே நான் உங்கள் மாமா இல்லை, 'ஆசிரியர்'. "ஆசிரியர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை" என்கிறீர்கள். "ஆசிரியர் பதினோராம் பக்கத்தில் சொன்னதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் தானே மறுக்கிறார்" என்கிறீர்கள். ஒன்பதாவது குறிப்பில் "ஏன்?" என்று ஒரே ஒரு சொல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் "நீங்க உக்காருங்க மாமா" என்று குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடிக்கிற தங்கமான பிள்ளை, கீபோர்டில் கை வைத்ததும் இப்படி மாப்பிள்ளை முறுக்கு காட்டுவார் என்று பெண் கொடுக்கும்போது எனக்குத் தெரியாது. நாம் உறவு என்பதைக் குழுத் தலைவரிடம் முதலிலேயே சொல்லி நீங்கள் விலகிக்கொள்ளப் பார்த்ததும், உங்களைவிடக் கறாராகப் பார்க்க வேறு ஆள் கிடையாது என்று அவர் அதை உங்கள் தலையிலேயே கட்டியதும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சலுகை காட்டியிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன், ஆனாலும் நாற்பத்து மூன்று அதிகம்.

ஆயிரம் பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இது. அதில் தகவலைச் சேமித்து வைக்கும் பகுதிக்கு நீங்கள் பொறுப்பு. "பார்த்தேன், சரி" என்று நீங்கள் இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்த ஃபைல் சிஸ்டமும் உள்ளே நுழைய முடியாது. வருகிற சனிக்கிழமை மதியத்தோடு இந்த வருடத்துக்கான கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு அடுத்த வருடம்தான். எனக்கு அறுபத்து நான்கு ஆகிறது, ஒரு கண்ணுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது. என் ஃபைல் சிஸ்டமான 'பெட்டகம்' இந்த வருடம் உள்ளே போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போதைக்கு வேறு ஆசை இல்லை. அதற்காக நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன் என்று நினைத்தால், மன்னிக்கவும், அது நடக்காது.

முதல் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே இருக்கும் ஃபைல் சிஸ்டம்களில் நிறைவேறாத எந்தத் தேவையை இது நிறைவேற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் அத்தையும் இதையேதான் கேட்டாள். ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன என்று அவள் கேட்டபோது, கம்ப்யூட்டருக்குள் எந்தத் தட்டில் எதை வைத்தோம் என்று கணக்காக வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற அலமாரி என்று விளக்கினேன். "இருக்கிற அலமாரிக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள். நீங்கள் படித்துப் பட்டம் வாங்கி எழுதியதை அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். இருபத்திரண்டாவது குறிப்பில், எதையும் அழிக்காமல் இருந்தால் டிஸ்க் நிரம்பிவிடாதா, அப்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும் என்று பதில் எழுதினேன். "இது பதில் அல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஐந்து டிஸ்க் ஓடுகின்றன. ஒன்று உங்கள் அத்தையின் துணி அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. குளிர் நாளில் புடவை இதமாகச் சூடாக இருக்கிறது, என் கண்டுபிடிப்பில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான் என்கிறாள். ஐந்து டிஸ்க்கும் பதில் இல்லையென்றால் வேறு எது பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினேழாவது குறிப்பில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பெட்டகம் தாங்குமா, சோதித்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதித்தேனா என்பது உங்களுக்குத் தெரியாதா? போன மாதம் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, இரண்டு நாளில் இருநூறு முறை பிளக்கைப் பிடுங்கினேன். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது முறையும் ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், எல்லா ஒயரும் ஒரே கறுப்பாக இருந்ததால், வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அடுத்த அறையில் நீங்கள் உங்கள் மேலதிகாரியிடம் பதவி உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு நான் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் இந்த ரிவ்யூவை எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னது உங்கள் அத்தை.

இப்போது முப்பத்தொன்றுக்கு வருகிறேன். "அழிக்கும் வசதி எங்கே?" இல்லை, மாப்பிள்ளை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. பெட்டகத்தில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர் பட்டியலிலிருந்து மறையும், அவ்வளவுதான். எழுதியது உள்ளே பத்திரமாக இருக்கும். திருத்தி எழுதினாலும் பழையது பழையபடியே இருக்கும். முதலில் எழுதியது தொடங்கிக் கடைசியாக எழுதியதுவரை எல்லா வடிவமும், யார் எழுதியது, எத்தனை மணிக்கு எழுதியது என்பதோடு வரிசையாக எடுத்துப் பார்க்கலாம். தோண்டத் தெரிந்தவர் தோண்டினால் கிடைக்கும். இதைக் குறை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியதே இதற்காகத்தான்.

காரணத்தை ஆவணத்தில் எழுதவில்லை. எழுதினால் "தனிப்பட்ட அனுபவம், நீக்கவும்" என்று அதற்கும் ஒரு குறிப்புப் போட்டுவிடுவீர்கள். இங்கே சொல்கிறேன். நான் நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன். அங்கே நெட்டையர் என்று நாங்கள் கூப்பிட்ட ஓர் அளவர் இருந்தார். ஒரு நிலத்தின் எல்லையை அளந்து ஃபைலில் ஏற்றினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ஃபைலில் வேறு அளவு இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதை நம்பி ஒருவர் பக்கத்து நிலத்துக்குள் சுவரே எழுப்பிவிட்டார், பழி நெட்டையர் தலையில் விழுந்தது. அவர் என் மேசைக்கு வந்து, "நான் எழுதின பழைய அளவு எங்கயாவது இருக்குமா?" என்று கேட்டார். புதிதாக எழுதினால் பழையது போய்விடும், அந்தக் காலத்து ஃபைல் சிஸ்டம் அப்படி. இல்லை என்று சொன்னேன். கையில் இருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார், அந்த வாரமே வேலை போயிற்று. அவர் சரியாகத்தான் அளந்தார் என்று எனக்குத் தெரியும், எடுத்துக் காட்டத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. ஆகவே எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும், எந்த அதிகாரி வந்தாலும், எந்த மாப்பிள்ளை வந்தாலும்.

நாற்பதாவது குறிப்பில்தான் என் கெட்ட காலம் ஆரம்பித்தது. "ஆசிரியர் தன் சொந்தத் தகவலை இதில் வைத்துப் பயன்படுத்துகிறாரா?" என்று கேட்டிருந்தீர்கள். சமைத்தவனைப் பார்த்து நீ சாப்பிட்டாயா என்று கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டகத்தில்தான் ஓடுகிறது. சோதனைக்கென்று வெற்று டிஸ்க் ஒன்று தயார் செய்து அனுப்புவதுதான் எல்லோரும் செய்வது. நான் வீட்டு டிஸ்க்கையே அப்படியே நகலெடுத்து, உங்களுக்கு ஒன்றும், உங்களோடு சேர்ந்து ரிவ்யூ செய்கிற, குழுவில் 'ஆந்தை' என்ற பெயரில் எழுதுகிற அந்த மனிதருக்கு ஒன்றுமாக அனுப்பிவைத்தேன். விரல் வலி வந்து பேனா பிடிக்க முடியாமல் போன பிறகு உங்கள் அத்தை தன் கடிதங்களையெல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறாள் என்பது ரோஷத்தில் மறந்துபோயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், எனக்கு வாய்கூடத் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் குழு மெயிலில் உங்கள் நாற்பத்து நான்காவது குறிப்பு வந்தது. பெட்டகத்தில் இருப்பதுபோலவே என் மனதிலும் அது வரி பிசகாமல் இருக்கிறது. "ஆசிரியர் அனுப்பிய டிஸ்க்கில், பயனர் ஒருவர் அழித்துவிட்ட கடிதத்தின் பதினான்கு வடிவங்களும் படிக்கக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டு, ஐந்தாவது வடிவம்: 'பையனுக்கு மூக்கு கொஞ்சம் பெரிசுதான்.' இது இன்னும் கிடைப்பதைப் பயனர் விரும்ப மாட்டார். குறிப்பு முப்பத்தொன்றைக் காண்க." நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து போனதும், வெளியூரில் வேலையில் இருந்த மகளுக்கு உங்கள் அத்தை எழுதிய கடிதம் அது. பதினான்கு முறை எழுதி, பதினான்கு முறை அழித்து, கடைசியில் "எங்களுக்குப் பரம திருப்தி" என்று ஒரே வரியில் மெயில் அனுப்பினாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் கல்யாணம் நடந்தது.

குழுவில் அன்று முழுவதும் இதே பேச்சு. ஆந்தை தன்னிடம் உள்ள நகலிலும் மூக்கு கிடைக்கிறது என்று உறுதி செய்தார். "டிஸ்க்கின் பாதியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன், அப்போதும் மூக்கு முழுசாகவே இருக்கிறது" என்று மாலையில் இன்னொரு மெயில் போட்டார். யாரோ ஒருவர், யாருடைய மூக்கு என்று கேட்டார். தகவலின் உள்ளடக்கம் இந்த ரிவ்யூவுக்குத் தொடர்பில்லாதது என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். இப்போது அதற்கு மூக்குச் சோதனை என்று பெயரே வைத்துவிட்டார்கள். இனிமேல் வரப்போகும் எந்த ஃபைல் சிஸ்டமும் அதில் தேற வேண்டுமாம். என்னைக் கேட்டால் பெட்டகம் தேறிவிட்டது என்றுதான் சொல்வேன். வைத்ததை வைத்தபடி திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை, அதைச் செய்தது.

உங்கள் அத்தைக்கு மகள் மூலமாக விஷயம் போயிற்று. கையில் தூசி துடைக்கிற துணியோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். "அந்தக் கடுதாசிய நான் அன்னைக்கே அழிச்சேனே" என்றாள். அழித்தது உண்மைதான், ஆனால் அழியவில்லை என்று பெட்டகத்தின் தத்துவத்தை முடிந்தவரை பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "நீங்கதானே எழுதினீங்க இந்தச் சனியன? நீங்களே அத அழிங்க" என்றாள். அதற்கு வசதி இல்லை, இருக்கவும் கூடாது என்றேன். அவள் ஐந்து டிஸ்க்குகளில் என் மேசைமேல் இருந்த ஒன்றைத் துடைத்தாள். பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழம நான் அவங்க வீட்டுக்கு வரல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை மூக்கப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, அம்மா வந்து இரண்டு மாதம் கூட இருப்பாள் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கட்டி வைத்திருந்த பெட்டியை உங்கள் அத்தை அன்று சாயங்காலமே பிரித்துத் துணிகளைத் திரும்ப அந்தச் சூடான தட்டில் அடுக்கிவிட்டாள்.

மகள் போனில் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அவருக்கு உங்க மேலயும் அம்மா மேலயும் கோவமே இல்லப்பா. ரெண்டு நாளா அடிக்கடி கண்ணாடி பாக்கறாரு, அவ்வளவுதான்" என்றாள். அந்த ஒரு வசதியைச் சேர்த்துவிட்டால் உங்கள் கையெழுத்தும் கிடைக்கும், அம்மாவும் வருவாள், அப்படி என்ன பிடிவாதம் என்றும் கேட்டாள். ஆமாம், பிடிவாதம்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் நாற்பத்து மூன்றில் பத்தொன்பதை ஏற்றுக்கொண்டேன், பன்னிரண்டைப் பொறுத்துக்கொண்டேன், பதினொன்றுக்கு விளக்கம் எழுதினேன். மிச்சமுள்ள ஒன்றை மறுக்கிறேன். நாற்பத்து நான்கும் அதே முப்பத்தொன்றின் மறுபதிப்பு, ஆகவே அதற்கும் இதே பதில். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டகம் என் வீட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு மூக்குக்காக நான் நெட்டையரைக் கைவிட மாட்டேன். மனிதன் எழுதியதற்குப் பயந்து அழிக்க ஆரம்பித்தால், பிறகு அதிகாரி அழிப்பதை எந்த வாயால் தடுப்பது? அவரவர் எழுதியதை அவரவர் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், உங்கள் அத்தைக்கும் இதையே சொல்லிவிட்டேன்.

நீங்களும் என் மகளும், பிறக்கப் போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், டிஸ்க் பழுதில்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க மனமார வாழ்த்துகிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
எழுதிய எதையும் அழிக்காத,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் புதன்கிழமை எழுதினேன். இன்று வெள்ளிக்கிழமை காலை. அனுப்புவதற்கு முன்னால் நேற்று மூக்குச் சோதனையை நானும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, முடிவை இணைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதினான்கு வடிவத்தையும் திறந்தாக வேண்டும். அடுத்தவர் ஃபைலைப் படிக்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம், உங்கள் அத்தையின் கடிதத்தை அதுவரை நான் படித்ததே இல்லை. ஒன்பதாவது வடிவம் இது: "மூக்கப் பாக்காதே. உங்கப்பாவுக்கு மூக்கு அழகாத்தான் இருந்துச்சு, அத வெச்சுக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன். ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் பத்திரப்படுத்தற மனுஷனுக்கு நான் சொன்னது ஒண்ணுகூட ஞாபகம் இருந்ததில்ல. இந்தப் பையன் நான் பேச்சுவாக்குல சொன்ன விரல் வலிக்கு மறுநாளே போன் பண்ணி விசாரிச்சான். சரின்னு சொல்லிடு."

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். மூன்று வருடமாக முடியாது என்றதை ஆறு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். குறிப்பு முப்பத்தொன்றை ஏற்றுக்கொள்கிறேன், அழிக்கும் வசதி இந்த மெயிலோடு இணைப்பில் இருக்கிறது. பதினான்கையும் நீங்கள் முதலிலேயே படித்திருக்கிறீர்கள். எடுத்துக்காட்டுக்கு என்னைப் பற்றிய வரி கையிலேயே இருந்தும், அறுநூறு பேர் படிக்கிற இடத்தில் உங்கள் மூக்கை எடுத்துப் போட்டீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆந்தையும் படித்திருப்பார்; அவர் போன வாரத்திலிருந்து என்னை 'ஐயா' என்று கூப்பிடுவது மரியாதையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு விதி வைத்தேன். நெட்டையரை நினைத்து, எழுதியவர் மட்டுமே அழிக்கலாம், வேறு யாரும் தொட முடியாது என்று எழுதினேன். ஆகவே உங்கள் அத்தையைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துப் பதினான்கையும் திறந்துகொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து அழித்தாள். ஒன்பதில் மட்டும் நின்று இரண்டு தடவை படித்தாள். "இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த ஒன்பதை அழிக்க நானும் எவ்வளவோ முயன்றேன், விதியை நன்றாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது, என்னை விடமாட்டேன் என்கிறது. எழுதியவர் மட்டுமே அழிக்கலாம் என்ற விதியில் குறை இருக்கிறது, வீட்டில் மற்றவருக்கும் அந்த உரிமை வேண்டும் என்று நாற்பத்தைந்தாவதாக ஒரு குறிப்பு நீங்கள் எழுத வேண்டும், மாப்பிள்ளை. வேண்டுமானால் 'ஆசிரியர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறேன்.